ஐந்து நிமிடக் கையெழுத்து

எனக்கு வாய் நீளம். எங்கள் ஊர் எத்தாளையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: ஜவ்பர் நல்ல மனிசன்தான், ஆனால் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்க ஏலாது என்று. பன்னிரண்டு வருடமாகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் வேலையாட்களுக்கும் ஏசுவேன், பள்ளியில் தலைவருக்கும் ஏசுவேன். அதனால் இன்டர்நெட் கம்பனிக்காரனுக்கும் நாலு ஏச்சு ஏசினால் லைன் தானாகத் திருந்திவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த லைனை எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போட்டவர் என் மருமகன் அர்கம். மகள் ஸம்ஹா கொழும்பில் ஒரு கம்பஸில் பதிந்து, வீட்டில் இருந்தபடியே இங்கிலிஷ் டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். கலியாணம், பிள்ளைப்பேறு என்று படிப்பு இழுபட்டது. "நீ படிச்சு முடி, லைன் நான் எடுத்துத் தாறன்" என்று சொல்லி, அர்கம் ஆறு மாதம் அலைந்து எடுத்தார். புது பைபர் லைன் எல்லாம் பாலாவியோடு நின்றுவிட்டது. எங்களுக்குப் பழைய செப்புக் கம்பிதான். அதுவாவது இருந்தது. எங்கள் வீடு தென்னந்தோப்புக்குப் பின்னால், கடலுக்குக் கிட்ட. மொபைல் போனைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் ஒரு கோடு சிக்னல் வரும், வீட்டுக்குள் வந்தால் அதுவும் போய்விடும்.

செப்டம்பரில் அர்கம் மவுத்தானார். பாலாவிக்கு இந்தப் பக்கம் மீன் லொறி ஒன்று மோட்டார் சைக்கிளோடு சேர்த்து அடித்துவிட்டது. முப்பத்தொரு வயது. எனக்கே ஒரு மகன் பிறந்திருந்தாலும் அவரைப் போல இருந்திருக்க மாட்டான். என் மனைவி கமறியா மவுத்தாகி ஆறு வருடம். ஆக, வீட்டில் மிஞ்சியது நானும் ஸம்ஹாவும் மூன்று வயதுப் பேத்தி றிஷ்னாவும். ஸம்ஹா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படி தாண்டாமல், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் இருக்க வேண்டும்.

முதல் நாற்பது நாளும் அவள் ஒரு புத்தகத்தைத் தொடவில்லை. சோற்றையும் ஒழுங்காகத் தொடவில்லை. பிறகு ஒரு காலையில் லெப்டொப்பைத் துடைத்துத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

"வாப்பா, நான் கடைசி எக்ஸாம் எடுக்கப் போறன்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போன பிறகு அவள் நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

பரீட்சை டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. கொழும்புக்குப் போய் எழுதலாம், அல்லது வீட்டில் இருந்து கமராவுக்கு முன்னால் எழுதலாம். மூன்று மணித்தியாலம் எழுத்து, பிறகு அரை மணித்தியாலம் வாய்மொழி. இடையில் லைன் அறுந்தால் பரீட்சை ரத்து. அவளுடைய பதிவு ஏழு வருடத்துக்குத்தான். அந்த ஏழும் இந்தப் பரீட்சையோடு முடிகிறது. இது தவறினால் முதலாம் வருடத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். புத்தளத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் அவளுக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லி, றிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"இது ஒண்டுதான் வாப்பா என்ட கையில ஈக்கு" என்றாள்.

நவம்பர் மழை தொடங்கியது. முதலில் போனில் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு நாளில் டயல் டோன் செத்தது. றவுட்டரில் பச்சையாக எரிந்த லைட் சிவப்பானது. பரீட்சைக்கு இருபத்தேழு நாள் இருந்தது. "இருவத்தேழு நாளுல ஒரு வீடே கட்டலாம், நீ படி மகள்" என்று சொல்லிவிட்டு, குடையையும் போனையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

கம்பனியின் இலக்கத்துக்கு எடுத்தால் முதலில் மூன்று பாஷையிலும் வரவேற்பு. தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். மழைக்குள் நின்றுகொண்டு இருபத்தாறு நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். எந்த நாசமாய்ப் போனவன் அதை இசையமைத்தானோ தெரியாது. கடைசியில் ஒரு பிள்ளை வந்தாள்.

"உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டது ஐயா. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் எங்கள் உத்தியோகத்தர் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்வார்."

"கட்டாயம் வருவாங்களா மகள்? புள்ளைக்கு எக்ஸாம் ஈக்கு."

"கட்டாயம் ஐயா."

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கிணற்றடியை விட்டு அசையாமல் இருந்தேன். ஒரு கதிரையையே அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் எடுத்தபோது, "முறைப்பாடு தீர்க்கப்பட்டு மூடப்பட்டிருக்கிறது ஐயா" என்றான் ஒரு பொடியன்.

"தீர்த்தது ஆரு? என்ட வீட்டுல லைட் இன்னம் சிவப்பாத்தான் ஈக்கு. நீங்க வந்து பார்த்தா தீர்த்தீங்க?"

புது முறைப்பாடு போட்டான். அதுவும் மூன்று நாளில் மூடப்பட்டது. மூன்றாவதும் மூடப்பட்டது. ஒவ்வொரு தடவையும் நான் ஏசினேன். ஏசும்போது அந்தப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பார்கள். அந்த ஒரு வசனத்தைத் தவிர அவர்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது போல. கல்லுக்கு அடித்தாலும் கை நோகும் என்று நிறுத்தலாம். இவர்களுக்கு ஏசி என்ன பலன்? வீட்டுக்குள் ஸம்ஹா பழைய குறிப்புகளை வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வரும்போதெல்லாம் படிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பப் படிப்பாள்.

நாலாவது முறைப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று கிடைத்த பிள்ளை கொஞ்சம் இரக்கம் உள்ளவள். "ஐயா, எங்கட ஆக்கள் ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளருக்கு எடுத்திருக்காங்க. போன் ஓஃப் எண்டு எழுதியிருக்காங்க" என்றாள்.

"நான் ராவு பகலா கையில வெச்சிட்டு ஈக்கிறன். எந்த நம்பருக்கு எடுத்தாங்க?"

அவள் கடைசி நாலு இலக்கத்தையும் சொன்னாள்.

அது அர்கமுடைய நம்பர். அந்தப் போன் லொறி டயருக்குக் கீழே போய், பொலிஸில் ஒரு சொப்பிங் பைக்குள் தூளாகக் கிடைத்தது. லைன் அவர் பேரில். நம்பரும் அவருடையது. இரண்டு கிழமையாக நான் கிணற்றடியில் காவல் கிடக்க, இவர்கள் மவுத்தான மனிசனுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"மகள், அவரு மவுத்தாப் போய்ட்டாரு. என்ட நம்பரைப் போடுங்க" என்றேன்.

"வருந்துகிறோம் ஐயா. நம்பரை மாத்த உரிமையாளர்தான் கேட்கணும். அவர் காலமானா, அவரோட மனைவி கிளைக்கு வந்து லைனைத் தன்ட பேருக்கு மாத்தணும்."

மறுநாள் காலையிலேயே என் த்ரீவீல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு புத்தளம் கிளைக்குப் போனேன். மரணச் சான்றிதழ், கலியாணப் பதிவு, எல்லாருடைய அடையாள அட்டை, எல்லாம் ஒரு பைலில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் மதுசா என்று பேர் போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை. பிள்ளையின் பரீட்சையைப் பற்றியும் சொன்னேன். எல்லாத் தாளையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரி அங்கிள். மனைவி மட்டும் வந்து எனக்கு முன்னால கையெழுத்து வைக்கணும். அஞ்சு நிமிசம்தான்."

"அவ இத்தாவில ஈக்கிறா மகள். வெளிய வர ஏலாது. படிவத்தத் தாங்க, நான் வீட்டுல கையெழுத்து எடுத்துட்டுக் கொண்டு வாறன்."

"அப்படிச் செய்ய விடமாட்டாங்க அங்கிள்." கொஞ்சம் யோசித்தாள். முகம் மலர்ந்தது. "ஒரு வழி இருக்கு. வீடியோ கோல்ல ஆளைப் பார்த்து உறுதிப்படுத்தலாம். வீட்டுல நல்ல இன்டர்நெட் மட்டும் இருந்தாச் சரி."

நான் சிரித்துவிட்டேன். கிளையில் இருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது இல்லாமத்தானே மகள் நான் இஞ்ச வந்து நிக்கிறன்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. கூடாத பிள்ளை இல்லை. "எப்படியாவது ஒரு அஞ்சு நிமிசம் கூட்டிட்டு வாங்க அங்கிள்" என்று திரும்பவும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஸம்ஹா உடனே எழும்பிவிட்டாள்.

"போவம் வாப்பா. முகத்த மூடிட்டு த்ரீவீலுக்குள்ள ஈந்து வாறன். கையெழுத்து வெச்ச கையோட திரும்பிடுவம். வேணுமெண்டா மவுலவிட்டக் கேளுங்க."

மவுலவியிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "தேவைக்குப் பகல்ல போயிட்டு, பொழுது சாயமுந்தி, மஃரிபுக்குள்ள வீட்டுக்கு வந்தாச் சரி, ஜவ்பர் நானா. இதுவும் தேவைதானே" என்றார்.

மார்க்கம் விட்டது. நான்தான் விடவில்லை.

ஏன் என்று சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முதல் எங்கள் ஊரில் ஷிஹாரா என்ற பிள்ளையின் புருஷன் கடலில் மவுத்தானான். அவள் இத்தாவில் இரண்டாம் மாதம், பிள்ளைகளுடைய ஏதோ பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போய் வந்தாள். யாரோ பார்த்துவிட்டு என் காதில் போட்டான். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நான் பள்ளியில் எழும்பி நின்றேன். "இத்தாவில ஈக்கிற பொம்புள றோட்டுல திரியிறா. கேக்க ஆளில்ல. இது முஸ்லிம் ஊரா, என்ன ஊரு?" என்றேன். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெளியே மைக்கில் பெண்களுக்கும் கேட்டது. ஒரு கிழமைக்குள் ஷிஹாரா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனமூலையில் இருக்கிற தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய கூடப்பிறந்த நானா முபாரிஸ் இன்று வரை எனக்கு ஸலாம் சொல்வதில்லை.

அப்படிக் கதைத்த வாயை வைத்துக்கொண்டு, என் மகளை அதே றோட்டால் எப்படிக் கூட்டிப் போவேன்? முபாரிஸ் சந்தியில்தான் கடை வைத்திருக்கிறான்.

"ஊரு என்ன கதைக்கும் மகள்?" என்றேன்.

"ஊரு ஒண்டும் கதைக்காது வாப்பா. கதைக்கிறது நீங்க மட்டும்தான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் ஏறாது? "கமறியாட மகள் படி தாண்ட மாட்டாள். அந்நிய ஆம்புளைக்கு முகம் காட்டவும் வாணாம், குரல் காட்டவும் வாணாம். கதவைத் தட்டினாலும் சத்தம் போடாம ஈ. லைன நான் திருத்தித் தாறன். இது அல்லாட மேல சத்தியம்" என்று கத்தினேன். பேத்தி பயந்து அழுதாள். ஸம்ஹா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சண்டை பிடித்திருக்கலாம். அவள் உம்மாவைப் போல, ஒரு தடவைதான் கேட்பாள்.

கம்பஸுக்கு அவள் கடிதம் எழுதினாள். என் போனைக் கிணற்றடி மதிலில் வைத்து அனுப்பினோம். பதிவுக் காலத்தை நீட்ட முடியாது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. இந்த நாட்டில் எல்லாரும் வருந்துகிறார்கள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, குறிஞ்சிப்பிட்டியில் தூண் ஒன்றில் ஏறி நின்ற ஒரு லைன்காரனைக் கண்டேன். த்ரீவீலை அப்படியே றோட்டோரம் நிறுத்திவிட்டுக் கீழே போய் நின்றேன். அவன் இறங்கும் வரை நின்றேன். டிலக்சன் என்று பேர். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் குடியேறின குடும்பம். இருபத்தைந்து வயது இருக்கும்.

"உங்கட பக்கத்தில அநேகமா உப்புக் காத்துத்தான் நானா. சுவரில இருக்கிற பெட்டிக்குள்ள கம்பி பச்சை பிடிச்சுத் தின்னுப்பட்டிருக்கும். இல்லாட்டி கழுதையள் தூணில முதுகு சொறிஞ்சு கம்பியை இழுத்திருக்கும். பத்து நிமிச வேலை" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா வேலை நம்பர் இல்லாம நான் கை வைக்கேலாது. உங்கட முறைப்பாடு மூடிக் கிடக்குது."

நான் ஆயுளில் யாரிடமும் கெஞ்சினது இல்லை. அன்று கெஞ்சினேன். அர்கமைப் பற்றிச் சொன்னேன், பிள்ளையின் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். இத்தாவைப் பற்றிச் சொல்லவில்லை.

"சரி நானா. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் வருவன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. வீட்டில ஆள் நிக்கவேணும். வேலை நம்பர் இல்லாம, ஆளில்லாத வளவுக்குள்ள நான் கால் வைச்சா என்ட வேலை போயிடும்."

"நான் நிப்பன் மகன். கதிரை போட்டு நிப்பன்."

வீட்டு வழியையும் என் நம்பரையும் கொடுத்தேன். அவன் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து ஸம்ஹாவிடம், "வெள்ளி பின்னேரம் லைன் வரும், நீ படி" என்றேன். அன்று ராத்திரி அவள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போனேன். இரண்டு மணிக்குத்தானே அவன் வருவான், ஜும்ஆ ஒன்றேகாலுக்கு முடியும். பள்ளி வாசலில் எல்லாரும் செய்கிறது போல் போனை ஓஃப் பண்ணினேன். குத்பாப் பிரசங்க நேரத்தில் யாருடைய போனாவது அடித்தால் முதலில் திரும்பிப் பார்த்து முறைக்கிறவனும் நான்தான்.

வெளியே வந்து போனைப் போட்டேன். சிக்னல் இல்லை. அவசரமும் இல்லை. சந்தியில் றிஷ்னாவுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு ஆறுதலாக வந்தேன். வளவு வாசல் படலைக்கு வெளியே மழை ஈர மண்ணில் சப்பாத்து அடிகள் கிடந்தன. வந்த அடி, நின்ற இடத்தில் நாலைந்து தடவை மாறி மாறி மிதித்த அடி, திரும்பிப் போன அடி. பக்கத்தில் ஏணியின் இரண்டு கால்கள் ஊன்றியிருந்த இரண்டு குழிகள்.

படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முன்கதவுக்குப் பின்னால், நிலத்தில், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஸம்ஹா இருந்தாள். பிள்ளையின் வாயைப் பொத்தின கை இன்னும் பிள்ளையின் வாயடியிலேயே இருந்தது.

"வந்தாரு வாப்பா. பன்னெண்டரைக்கு. 'நானா, நானா'ண்டு கூப்பிட்டாரு. சிலாபத்துக்கு அவசரமா வரச் செல்லிட்டாங்களாம், அதான் முந்தி வந்தாராம். லைன் பார்க்க வந்தன், ஆராவது ஒரு சத்தம் குடுங்கோ, அது போதும், உள்ளுக்கு வந்து செஞ்சிட்டுப் போறன் எண்டாரு. பத்து நிமிசம் நிண்டாரு."

"நீ ஒரு வார்த்த..." என்று தொடங்கினேன்.

"குரல் காட்ட வாணாமெண்டு நீங்கதானே வாப்பா சத்தியம் பண்ணினீங்க."

அதைச் சொல்லும்போது அவளுக்கு என் மேல் கோபம் கூட இருக்கவில்லை. யா அல்லாஹ், கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று போனைப் பார்த்தேன். டிலக்சன் ஏழு தடவை எடுத்ததாக மெசேஜ் வந்து கிடந்தது. திருப்பி எடுத்தேன். அவன் சிலாபத்தில் தூணில் நின்றான். "வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சிட்டன் நானா. சனி ஞாயிறு என்னால அந்தப் பக்கம் வரேலாது, வாகனம் தரமாட்டினம். திங்கள் காலமை முதல் வேலையா வாறன்" என்றான். பிள்ளைக்கு நாளைக்குத்தான் பரீட்சை என்பது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா" என்று சொல்லிவிட்டு வைத்தான். நான் ஏசவில்லை. யாருக்கு ஏசுவது?

சனிக்கிழமை காலையில் ஸம்ஹா குளித்து, வெள்ளை உடுத்து, முந்தானையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு லெப்டொப்புக்கு முன்னால் இருந்தாள். நான் கூரையில் ஏறித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று, லெப்டொப்புக்கு ஹொட்ஸ்பொட் போட்ட என் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அறுபத்திரண்டு வயதில் கூரையில் ஏறினேன். கீழே அவள், "வருது வாப்பா... வருது... ஆடாதீங்க" என்றாள். பரீட்சை மேற்பார்வைக்கு இருந்த பெண்ணுடைய முகம் வந்ததாம். அடையாள அட்டையைக் கமராவுக்குக் காட்டச் சொன்னாவாம். இவள் காட்டினாள். பிறகு அப்படியே படம் நின்றது. அட்டையைப் பிடித்தபடியே அவள் இருந்தாள். நான் கையை மாற்றினேன், போனைத் திருப்பிப் பிடித்தேன், தாங்கிக்கு மேலேயே ஏறினேன். ஒன்பது பதினெட்டுக்கு, "போய்ட்டுது வாப்பா, இறங்குங்க, விழுந்திருவீங்க" என்றாள்.

நான் இறங்கவில்லை. பன்னிரண்டரை வரைக்கும், அந்தப் பரீட்சை முடிகிற நேரம் வரைக்கும், வெயிலில் அந்தத் தாங்கியில் இருந்தேன். கீழே வந்து அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டிலக்சன் வந்தான். நான் வாசலில் நின்றேன். சுவர்ப் பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்த கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, புதிய கம்பியை முறுக்கிப் பொருத்தினான். ஒன்பது நிமிடம். றவுட்டரில் லைட் பச்சையானது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றான். போகும்போது, "வெள்ளிக்கிழமை உள்ளுக்கு ஒரு குழந்தைப் பிள்ளை சிணுங்கின மாதிரிக் கேட்டது நானா. என்ட மனப்பிராந்தி எண்டு நினைச்சிட்டன்" என்றான். நான் படலையைத் திறந்துவிட்டேன். ஸம்ஹா அந்தப் பச்சை லைட்டைப் பார்க்க அறையை விட்டு வரவில்லை. புத்தகங்களை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டியிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடம் ஜனவரியில் வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

இத்தா ஜனவரிக் கடைசியில் முடிந்தது. ஊர்ப் பெண்கள் வந்து ஓதினார்கள், சாப்பாடு கொடுத்தோம். மறுநாள் காலையில் அவள் றிஷ்னாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு நின்றாள்.

"எங்க மகள்?"

"புத்தளத்துக்கு. அந்த லைன வெட்டச் செல்லணும். அந்தப் பச்ச லைட் எரியிறதப் பார்க்க எனக்கு ஏலாது வாப்பா."

வெட்டுவதற்கும் மனைவி நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அதே மதுசாதான். என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டாள். ஸம்ஹாவைப் பார்த்துவிட்டு, "எக்ஸாம் எப்படி அக்கா?" என்று கேட்டாள். ஸம்ஹா "முடிஞ்சிது" என்றாள். சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. நான் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பதினொன்று ஐந்துக்கு அவள் கதிரையில் இருந்தாள். மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தாள். பதினொன்று பத்துக்கு எழும்பிவிட்டாள்.

திரும்பி வரும்போது பாலாவிச் சந்தியில் கல்பிட்டிப் பக்கம் திருப்ப சிக்னல் போட்டேன். பின்னாலிருந்து அவள் என் தோளைத் தொட்டாள்.

"திருப்பாதீங்க வாப்பா. நேர போங்க. கனமூலைக்கு."

"அங்க ஆரு?"

"ஷிஹாரா ராத்தா."

சந்தியில் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். "அவட்ட என்னத்துக்கு இப்ப?" என்றேன்.

"மாப்புக் கேக்க. நீங்க கேக்க மாட்டீங்கண்டு எனக்குத் தெரியும். அதான் ஒங்களுக்காக நான் கேக்கப் போறன்."

நேரே போனேன். கனமூலையில் அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். ஸம்ஹா றிஷ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கதவு திறந்தது. இரண்டு பெண்களும் வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதை த்ரீவீலின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு ஷிஹாரா முந்தானையைச் சரிசெய்துகொண்டு படலையடிக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் ஆள் மெலிந்து போயிருந்தாள்.

"வாங்க மாமா, உள்ளுக்கு. வெயிலுக்குள்ள என்னத்துக்கு ஈக்கிறீங்க?" என்றாள்.

ஊரெல்லாம் கேட்கக் கத்தின என் வாய்க்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. படலையடியில் நின்று கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் என் மகள் இருந்த மாதிரியே, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தேன். ஷிஹாரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனாள்.